மெடல் வாங்கின பொண்ணு கிரவுண்டு பக்கமே போகமாட்டேங்குறா, என்னன்னு சொல்லவும் மாட்டேங்குறா

பகுதி: விளையாட்டும் பிள்ளைகளும் / சேலம்

கொலுசுக்காரி, அம்மாப்பேட்டை

வணக்கமுங்க. இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. இப்ப யாரையாவது கேட்டே ஆகணும்.

என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. 800 மீட்டர் ஓடுவா, 1500ம் ஓடுவா. ஏழாவதுல பள்ளிக்கூட பி.டி. டீச்சர் பாத்துட்டு ஒரு கோச்கிட்ட சேத்துவிட்டாங்க. குறுவட்டம், வருவாய் மாவட்டம்னு ஜெயிச்சு போன வருஷம் மாநிலப் போட்டிக்கும் போயிட்டு வந்தா. இந்த வருஷம் டைமிங் குறையவே மாட்டேங்குது. போன வருஷத்தைவிட ரெண்டு மூணு செகண்டு கூடத்தான் வருது. கோச் "மைண்டு இங்க இல்ல"ங்கிறாரு.

அலாரம் இல்லாமலே எந்திரிக்கிற பிள்ளைங்க அவ. இப்ப நான் போய் உலுக்கினாலும் போர்வையை இழுத்து மூடிக்கறா. கிரவுண்டுக்குப் போற அன்னிக்கு வயித்த வலிங்கறா, லீவு விட்டா வலி இல்ல. கூட ஓடற பிள்ளைங்ககிட்டகூட பேச்சு இல்ல. டிவியில ஓட்டப் பந்தயம் வந்தா சேனலை மாத்திடறா. கால் வலிக்குதான்னா இல்ல. யாராச்சும் தப்பா நடந்துக்கிட்டாங்களான்னா இல்ல. சரி, விட்டுடறயான்னு கேட்டா அழறா.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். எங்க வீட்ல சப்போர்ட்டுக்குக் குறைச்சலே கிடையாதுங்க. அவங்கப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வேலை. ராத்திரி எந்நேரம் வந்து படுத்தாலும் விடியக்காலைல வண்டியில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் மறுவேலை. திருப்பூர்ல இருக்கிற என் தம்பி ஸ்பைக்ஸ், ஷூ எல்லாம் வாங்கி அனுப்பறான். மாநிலப் போட்டிக்கு முன்னாடி கேம்ப்புக்கு எங்கம்மா தோட்டை அடகு வச்சுக் குடுத்துச்சு. நான் முட்டை, பேரீச்சம்பழம், கொண்டைக்கடலைன்னு அவளுக்குத் தனியா எடுத்து வைக்கிறேன், சின்னவனுக்குக்கூட அது கிடையாது. தெருவுல பேனர் கட்டினாங்க. இத்தனை பேரு பின்னாடி நிக்கறப்ப ஒரு பிள்ளைக்கு எப்படிங்க மனசு விட்டுப் போகும்?

தாரமங்கலத்தார்

பயப்படாதீங்க. இந்த வயசுல எல்லாப் பிள்ளைகளுக்கும் வர்ற சோம்பல்தான். முதல்ல போனை வாங்கி வைங்க. என் பையன் கிரிக்கெட் ஆடறான், அவனும் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். "இவ்ளோ செலவு பண்ணிருக்கோம், நீ பாட்டுக்கு இருந்தா எப்படி"ன்னு உக்கார வச்சுப் பேசினேன். மறுநாள்ல இருந்து ஒழுங்காப் போறான். இடம் குடுத்தா தலைமேல ஏறிக்கும்.

பிசியோ_அக்கா, அழகாபுரம்

அம்மா, மனசைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ரத்தத்தைப் பாத்துடுங்க. நீண்ட தூரம் ஓடற பொண்ணுங்க டைமிங் காரணமே இல்லாம விழுந்தா நான் முதல்ல சந்தேகப்படறது இரும்புச் சத்து. ஹீமோகுளோபினோட சேத்து, உடம்புல இரும்பு இருப்பு எவ்ளோன்னு காட்டற ஃபெரிட்டினும் எடுக்கச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் ஒப்புக்கு சரியா இருந்தும் உடம்புல இருப்பு காலியாகிக் கிடக்கும், சில பேருக்கு. தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்லுது. உங்க பொண்ணு அதுல வராதுன்னு நினைக்கக் காரணம் இல்ல. தைராய்டும் ஒருதடவை பாத்துடலாம்.

ரெண்டாவது, மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கேளுங்க. மூணு மாசமா வரலன்னா "ஓடற பிள்ளைக்கு அப்படித்தான்"னு யாரு சொன்னாலும் காதுல வாங்காதீங்க. செலவாகற அளவுக்குச் சாப்பாடு உள்ள போகலன்னா உடம்பு முதல்ல நிறுத்தறது அதைத்தான். அப்புறம் எலும்பு, அப்புறம் மனசு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்குன்னு தனியா அறிக்கை வெளியிட்டிருக்கு. முட்டையும் பேரீச்சம்பழமும் எடுத்து வைக்கிறீங்க, நல்லது. அவ சாப்பிடறாளான்னு பாருங்க.

வயித்த வலியைப் பொய்யின்னு மட்டும் நினைச்சிடாதீங்க. பரீட்சை அன்னிக்கு வயித்தைக் கலக்கறதில்லையா, அதுவும் நிஜ வலிதான்.

தாரமங்கலத்தாருக்கு: எங்க கிளினிக்குக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேரு "ஒழுங்காப் போற" பசங்கதான்.

ஐந்துரோடு_ஓட்டம்

அக்கா சொன்னதை முதல்ல செய்யுங்க. அது முடிஞ்சதும் நீங்க எழுதினதுல "எனக்குப் புரியாதது ஒண்ணுதான்"னு ஆரம்பிக்கிற பத்தியை நீங்களே திரும்பப் படிங்க. ஆனா உங்க கண்ணால படிக்காதீங்க, பதினாறு வயசுப் பிள்ளையா இருந்து படிங்க. அது சப்போர்ட் லிஸ்ட் மாதிரி இல்லீங்க, கடன் பாக்கி மாதிரி இருக்கு. அப்பாவோட தூக்கம், மாமாவோட காசு, அம்மாயியோட தோடு, தம்பி வாயில போகாத முட்டை. டைமிங் குறைஞ்சாத்தான் அடையும்.

நான் 400 தடை ஓட்டம் ஓடினவன். ஆத்தூர் பக்கம் கிராமம். எங்க ஊர்ல முதல்முதலா மாநில அளவுல ஓடினவன் நான்தான்னு கோயில் திருவிழாவுல துண்டு போட்டாங்க. டீக்கடையில காசு வாங்க மாட்டாங்க. எனக்குப் பதினெட்டு வயசுல ஓட்டம் கசந்துபோச்சு. ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் போறப்ப பஸ் பிரேக் டவுன் ஆகணும்னு வேண்டிக்குவேன். ஒருநாள் தொடையில தசை பிடிச்சுக் கீழ விழுந்தேன். வலியில கண்ணுல தண்ணி, உள்ளுக்குள்ள அப்பாடான்னு ஒரு நிம்மதி. ஏன்னா அடிபட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. "பிடிக்கல"ன்னு சொல்லிட்டு வெளிய வர்றதுக்குத்தான் எங்க ஊர்ல வழியே இல்ல.

அந்த அடி ஆறு வாரத்துல ஆறிடும்னாரு டாக்டர். நான் அதை ஒரு வருஷம் இழுத்தேன். அப்படியே விட்டுட்டேன்.

என்னை யாரும் அடிக்கல, திட்டல. எல்லாரும் நல்லவங்க. அதான் பிரச்சினையே. கெட்டவங்களா இருந்தா எதிர்த்துப் பேசிருப்பேன்.

தாரமங்கலத்தார்

> "அது சப்போர்ட் லிஸ்ட் மாதிரி இல்லீங்க, கடன் பாக்கி மாதிரி இருக்கு."

அப்ப பெத்தவங்க ஒண்ணுமே செய்யக்கூடாதா? செஞ்சாலும் குத்தம், செய்யாட்டியும் குத்தமா?

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்குங்க. கிரிக்கெட் ஆடற சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறிப்பட்டறையில கூலி, அம்மா ரோட்டோரத்துல கறிக்கடை. யாரு சப்போர்ட் இருந்துச்சு? பெரியவடகம்பட்டி மாரியப்பன், அஞ்சு வயசுல பஸ் ஏறிக் கால் போச்சு, அம்மா காய்கறி வித்துக் காப்பாத்துச்சு. பாராலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கலையா? அவங்களுக்கெல்லாம் மனசு வத்திப்போற இந்த பர்ன்அவுட் வரல. வசதி கூடினா வர்ற வியாதி இது.

ஓய்வுபெற்ற_பி.டி., ஓமலூர்

தம்பி, ரெண்டு பேரைச் சொன்னீங்க, ரெண்டுமே உங்க பேச்சுக்கு எதிரா நிக்குது.

நடராஜன் இருபது வயசு வரைக்கும் ஊர்ல டென்னிஸ் பந்துல ஆடிக்கிட்டிருந்த பிள்ளை. பத்து வயசுல அகாடமியில சேத்து, பதினாலுல டோர்னமென்ட் டோர்னமென்டா இழுத்துக்கிட்டு அலையல. அவருக்கு ஊர்லயே ஜெயபிரகாஷ்னு ஒரு அண்ணன் இருந்தாரு. 2015ல ரஞ்சியில அறிமுகம் ஆன கையோட பந்து வீசற முறை சந்தேகம்னு புகார் ஆச்சு. அத்தோட எத்தனை பேரு காணாம போயிருக்காங்க தெரியுமா? அவரு வீசற முறையைத் திருத்திக்கிட்டு 2016ல டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆடினாரு, 2017ல ஐபிஎல்ல பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்துச்சு, 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆடினாரு. அப்ப வயசு 29. நீங்க பாக்கறது 3 கோடிய. நான் பாக்கறது 2015க்கும் 2016க்கும் நடுவுல இருந்த காலத்தை. பேரு கெட்டு வீட்ல உக்காந்திருக்கறப்ப "வா, பாத்துக்கலாம்"னு சொல்ற ஆளு இருந்தாரு பாருங்க, அதுக்குப் பேருதான் சப்போர்ட். ஜெயிச்சப்ப பேனர் கட்டறதுக்கு ஊரே வரும்.

மாரியப்பனுக்கும் பள்ளிக்கூடத்துல ஒரு உடற்கல்வி ஆசிரியர் இருந்தாரு, வாலிபால் ஆடிக்கிட்டிருந்த பையனை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பிவிட்டவரு. அப்புறம் பெங்களூர்ல சத்யநாராயணா கோச். இன்னொண்ணு கவனிங்க. ரியோ 2016ல 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவுல 1.86, வெள்ளி. பாரிஸ் 2024ல 1.85, வெண்கலம். வெறும் எண்ணை வச்சுப் பாத்தா இறங்குமுகம்னு ஒரு அவசரக்கார கோச் சொல்லிடுவாரு. மூணு பாராலிம்பிக்ஸ், மூணு பதக்கம், அதான் நிஜம். ஒரு வருஷ டைமிங்கை வச்சு பதினாறு வயசுப் பிள்ளைக்கு "மைண்டு இங்க இல்ல"ன்னு சொல்றது எனக்குச் சரியாப் படல.

பொண்ணுங்க விஷயத்துல இன்னொரு காரணமும் உண்டு, இதை நான் பள்ளிக்கூடத்துல வருஷாவருஷம் பாத்திருக்கேன். பதிமூணு பதினாலு வயசு வரைக்கும் டைமிங் மடமடன்னு குறையும். அப்புறம் உடம்பு வளர்ச்சியில மாற்றம் வர்றப்ப கொஞ்ச காலம் அப்படியே நிக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். இயற்கை அது. அந்த நேரத்துல நாம பயிற்சியைக் கூட்டுவோம், அதான் நம்ம புத்தி.

மனசு_மாணவி

உளவியல் முதுகலை படிக்கிறேன், ஆய்வுக்கு இதே தலைப்பு, அதனால வாயை அடக்க முடியல. கொஞ்சம் நீளமா இருக்கும்.

பர்ன்அவுட்ங்கிறது வெறும் களைப்பு இல்ல. களைப்பு தூங்கினா போயிடும். விளையாட்டுத் துறையில மூணு அடையாளம் சொல்றாங்க: உடம்பும் மனசும் வத்திப்போறது, எவ்ளோ செஞ்சாலும் ஒண்ணும் சாதிக்கலன்னு தோணறது, உயிரா நினைச்ச விளையாட்டே அர்த்தமில்லாமப் போறது. ரேடிக், ஸ்மித்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2001ல இதை அளக்க 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரிச்சாங்க. இன்னிக்கும் அதிகமாப் பயன்படறது அதுதான். டிவி சேனலை மாத்தறாங்கன்னு எழுதினீங்களே, எனக்கு அது மூணாவது அடையாளம் மாதிரி படுது. ஆனா படிவத்தை இணையத்துல எடுத்து வீட்லயே மார்க் போடாதீங்க. அது ஆராய்ச்சிக்கான கருவி, வியாதி கண்டுபிடிக்கிறதுக்கு இல்ல.

ஐந்துரோடு அண்ணா சொன்னது வெறும் அனுபவம் மட்டும் இல்ல. அதே ரேடிக் 1997ல, 13லிருந்து 18 வயசு வரை உள்ள நீச்சல் பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாரு. பிடிச்சு நீந்தறவங்க ஒரு வகை. பிடிப்பு குறைஞ்சும், போட்ட உழைப்புக்காகவும் மத்தவங்க எதிர்பார்ப்புக்காகவும் வெளிய வர முடியாம நீந்தறவங்க இன்னொரு வகை. சிக்கிக்கிட்ட மாதிரி. பர்ன்அவுட் அந்த ரெண்டாவது வகையிலதான் அதிகம். கஷ்டமான பயிற்சி எல்லாருக்கும் ஒண்ணுதான், வெளிய போக வழி இருக்கா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்.

சமூக ஆதரவைப் பத்திப் பேசறப்ப பொதுவா நாலு வகை சொல்வாங்க. பொருளா குடுக்கறது, விவரம் சொல்லிக் குடுக்கறது, மதிப்புக் குடுத்துத் தட்டிக் குடுக்கறது, மனசுக்குத் துணையா இருக்கறது. அம்மா, நீங்க எழுதினதுல பேனரைத் தவிர எல்லாமே முதல் வகை. அது தப்பே இல்ல, அது இல்லாம ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஓடவே முடியாது. ஆனா கோஹன், வில்ஸ்னு ரெண்டு பேரு 1985ல எழுதின கட்டுரையிலிருந்து திரும்பத் திரும்ப வர்ற விஷயம் இது: நெருக்கடியைத் தாங்க உதவறது கைக்கு வந்து சேர்ந்த உதவியைவிட, "நான் விழுந்தா இவங்க இருப்பாங்க"ங்கிற நம்பிக்கைதான். நாம எவ்ளோ குடுக்கறோம்ங்கிறது நம்ம கணக்கு, அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேருதுங்கிறது வேற கணக்கு.

கல்லூரி வீரர்களை வச்சு நடந்த ஆய்வுகள்ல இன்னொண்ணும் வந்திருக்கு. ஆதரவு நிறைய இருந்தாலும், கூடவே குத்திப் பேசறது, ஒப்பிடறது, நச்சரிக்கிறதுன்னு இருந்தா அது தனியா ஒரு பக்கம் பர்ன்அவுட்டைக் கூட்டிக்கிட்டே போகும். ஒண்ணை வச்சு ஒண்ணைக் கழிச்சுக்க முடியாது.

ஏற்காடு_மிளகு

இடம் மாத்திப் பாக்கலாமே. இங்க ஒரு மாசம் தங்க வைங்க. குளுகுளுன்னு இருக்கும், மலைக்காத்து, மேட்டுல ஓடினா மூச்சும் கூடும். பெங்களூர் பசங்ககூட வந்து ஓடறாங்க.

பிசியோ_அக்கா, அழகாபுரம்

ஏற்காடு உயரம் சுமார் 1500 மீட்டர்ங்க. உயர இடப் பயிற்சின்னு சொல்றது பெரும்பாலும் 2000க்கு மேல. ஏப்ரல் மே சேலம் வெயில்ல இருந்து தப்பிக்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. அதே கோச், அதே ஸ்டாப்வாட்ச், அதே கேள்வியோட இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஓய்வாகுமா? சும்மா ரெண்டு நாள் போயிட்டு வாங்க, ஷூவை வீட்டுல வச்சுட்டு.

வாலிபால்_வசந்தி, செவ்வாய்ப்பேட்டை

இவ்ளோ பேரு பேசறீங்க, "விட்டுடறயான்னு கேட்டா அழறா"ங்கிறதை யாரும் தொடல.

நான் பள்ளிக்கூட டீம்ல ஆடினவ. பொம்பளப் பிள்ளைக்கு "விட்டுடறயா"ங்கிறது கேள்வி இல்லீங்க, மிரட்டல். பையன் ஆறு மாசம் நிறுத்தினா ஓய்வு. நாம நிறுத்தினா அதோட முடிஞ்சுது. "அதான் நிறுத்திட்டாளே, வயசுக்கு வந்த பிள்ளை எதுக்கு அரை டிரவுசர் போட்டுக்கிட்டு"ன்னு ஆரம்பிக்கும். பன்னெண்டாவது முடிஞ்சா ஜாதகத்தைக் கையில எடுப்பாங்க. அந்தக் காலை ரெண்டு மணி நேரம்தான் வீட்டு வேலையும் தம்பி வீட்டுப்பாடமும் இல்லாத நேரமா அவளுக்கு இருக்கும். ஓடவும் முடியல, விடவும் பயம். அதான் அழுகை.

நீங்க கேக்க வேண்டியது "விட்டுடறயா" இல்ல. "கொஞ்ச நாள் நிறுத்திட்டு, தோணறப்ப திரும்பப் போ, நான் பாத்துக்கறேன்"னு சொல்லுங்க. சொல்றதோட நிறுத்தாம அவங்கப்பா முன்னாடி, அம்மாயி முன்னாடி சொல்லுங்க.

பதினேழு

நான் விடுதியில தங்கி விளையாடறேன். எந்த ஊரு என்ன கேமுன்னு சொல்ல மாட்டேன்.

எங்க கோச் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காரு. தினமும் எல்லாரோட டைமிங், ஸ்கோர் அதுல வரும். ராத்திரி வீட்ல இருந்து போன் வரும். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்பாங்க. அடுத்த கேள்வி என்ன வரும்னு தெரியும், அதனால சாப்பிட்டேன்னு சொல்றப்பவே வயிறு இறுகிக்கும். சாப்பிட்டியாவோட போனை வச்சுட்டா போதும்.

டீம்ல ஒருத்தன் இருக்கான், கேம் பத்திப் பேசவே மாட்டான், படம், புரோட்டா, எந்த வாத்தியார் எப்படி நடப்பாருன்னு நடிச்சுக் காட்டுவான். அவன் மட்டும் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன். அவனுக்கு இது தெரியாது.

கொலுசுக்காரி, அம்மாப்பேட்டை

எல்லாருக்கும் நன்றிங்க. தம்பி எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. எங்களுக்கும் அந்த குரூப் இருக்கு. அவங்கப்பா பட்டறையில அதைத் திறந்து எல்லாருக்கும் காட்டுவாரு, பெருமைக்குத்தான்.

நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறோம்.

தாரமங்கலத்தார்

சரி, நீங்க எல்லாம் சொல்றதை ஒரு பேச்சுக்கு ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஓய்வு, ஓய்வுங்கறீங்க. ஆஷ்லி பார்ட்டி 2014ல டென்னிஸை விட்டுட்டுக் கிரிக்கெட் ஆடப் போயிட்டு, 2016ல திரும்பி வந்து, 2019ல பிரெஞ்சு ஓபன் ஜெயிச்சு உலக நம்பர் ஒன் ஆச்சுன்னு என் பையனே எனக்குப் பாடம் எடுக்கறான். அந்தப் பொண்ணு ஆஸ்திரேலியா. அங்க ரெண்டு வருஷம் போனா சோத்துக்குக் கஷ்டம் இல்ல. இங்க எங்க நிலைமை வேற. அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம், காலேஜ் சீட், அதுக்கு சர்டிபிகேட், அதுக்கு இந்த வருஷப் போட்டி. ஒரு வருஷம் விட்டா அந்த வருஷ சர்டிபிகேட் போச்சு. நான் பையனை விரட்டறது ஆசைக்கு இல்லீங்க. எனக்கு ரெண்டு தறி, அதுவும் பாதி நாள் ஓடறதில்ல. அவனுக்கு இதைவிட்டா என்ன இருக்கு?

ஓய்வுபெற்ற_பி.டி., ஓமலூர்

இப்பத்தான் நீங்க மனசுல இருந்து பேசியிருக்கீங்க. இதுக்கு எவனும் புத்தகத்துல பதில் எழுதல, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒரு வருஷம் விடச் சொல்லல. பள்ளி விளையாட்டுல 14, 17, 19 வயசுக்கு உட்பட்டோர்னு பிரிவு இருக்கு. பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைக்கு 19 பிரிவுல இன்னும் காலம் கிடக்கு. போட்டி எந்த மாசம் வருதுன்னு பாத்து அதுக்கு ஏத்தமாதிரி ஓய்வை முன்னாடியே வைக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்றது வாரத்துல குறைஞ்சது ஒரு நாள் முழு ஓய்வு, வருஷத்துல ரெண்டு மூணு மாசம் அந்த விளையாட்டுல இருந்து விலகல். அதைச் சேர்ந்தாப்புல எடுக்கணும்னு இல்ல, பிரிச்சுப் பிரிச்சு எடுக்கலாம். இன்னொரு கணக்கும் சொல்வாங்க: பிள்ளைக்கு எத்தனை வயசோ அத்தனை மணி நேரத்துக்கு மேல வாரப் பயிற்சி போகக்கூடாது. இங்க காலை ரெண்டு மணி, சாயங்காலம் ரெண்டு மணின்னு ஆறு நாள் போட்டா 24. பதினாறு எங்க, 24 எங்க?

சர்டிபிகேட்டுக்காக விரட்டினா என்ன ஆகும்னும் சொல்றேன். காந்தி ஸ்டேடியத்துல ஒரு மாவட்டப் போட்டி நடக்கறப்ப போய் நின்னு பாருங்க. 14 பிரிவுல ஓட ஹீட்ஸுக்குமேல ஹீட்ஸ் வச்சாலும் தீராது. 19 பிரிவுக்கு வாங்க, லேன் பாதி காலியா இருக்கும். நடுவுல போனவங்க எல்லாம் திறமை இல்லாதவங்களா? அவங்களுக்கு சர்டிபிகேட்டும் இல்ல, விளையாட்டும் இல்ல.

உங்க பையன்கிட்ட "இதைவிட்டா உனக்கு என்ன இருக்கு"ன்னு ஒருநாளும் சொல்லிடாதீங்க. அவன் அதை நம்பிடுவான்.

தாரமங்கலத்தார்

சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

நெறியாளர்

இந்த இழை நல்லபடியாப் போகுது, அதனால நடுவுல வரல. ஒரே ஒரு தகவல். பிள்ளைங்க தூக்கமில்லாம, சாப்பிடாம, வாழவே பிடிக்கலங்கிற மாதிரி ஏதாவது பேசினா இங்க எழுதிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீங்க. டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி, எண் 14416. கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். கோச்சோ வேற யாரோ தொடக்கூடாத மாதிரி தொட்டாங்கன்னா குழந்தைகள் உதவி எண் 1098.

"பதினேழு", உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கேன், பாருங்க.

கொலுசுக்காரி, அம்மாப்பேட்டை

ரிசல்ட் வந்துடுச்சுங்க. ஹீமோகுளோபின் 9.6. ஃபெரிட்டினும் ரொம்பக் குறைவு. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு, டீ காபியோட போடக்கூடாதுன்னாரு. அவங்கப்பா "பாத்தியா, உடம்புதான், மனசெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு நிம்மதியாயிட்டாரு. எனக்கு நிம்மதி வரல. ஏன்னு சொல்றேன்.

கோச் ஓடற பிள்ளைங்களுக்கு ஒரு டைரி போடச் சொல்லியிருக்காரு, எவ்ளோ ஓடினோம்னு எழுத. மாத்திரை எப்ப போடணும்னு குறிச்சு வைக்கறதுக்கு அதை எடுத்தேன். அவ அங்கயேதான் இருந்தா, தடுக்கல. கடைசிப் பக்கத்துல வரிசையா எழுதி வச்சிருக்கா. மாமா ஸ்பைக்ஸ், தொகை. கேம்ப், அம்மாயி தோடு, தொகை. பெட்ரோல்னு மாசாமாசம். கூட்டியும் வச்சிருக்கா. ஐந்துரோடு தம்பி எழுதினது என் பொண்ணு டைரியைப் பாத்துட்டு எழுதின மாதிரியே இருந்துச்சு.

எதுக்குடி இதுன்னு கேட்டேன். "வேலை கிடைச்சா திருப்பிக் குடுக்கணும்ல"ன்னா.

வசந்தியக்கா சொன்ன மாதிரியே அவங்கப்பாவையும் எங்கம்மாவையும் வச்சுக்கிட்டு, நிறுத்திட்டு எப்ப வேணாலும் போலாம், யாரும் கேக்க மாட்டோம்னு சொன்னேன். எங்கம்மா ஒரு படி மேல போயி "தோடு என்ன தோடு, எனக்குக் காதே கேக்கல"ன்னுச்சு. பொண்ணு சிரிச்சுட்டா.

கோச்கிட்டயும் போனேன். மூணு வாரம் வேணும்னேன். முணுமுணுத்தாரு, ரிப்போர்ட்டைக் காட்டினதும் சரின்னுட்டாரு. ஆனா அடுத்த மாசம் ஒரு போட்டியில 4x400 தொடர் ஓட்டத்துக்கு ஆள் இல்ல, அதுக்கு மட்டும் வரட்டும்னாரு. முடியாதுன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன், இவ "நான் ஓடறேன் சார்"ங்கறா! எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப விடறதா வேண்டாமா?

பிசியோ_அக்கா, அழகாபுரம்

9.6ஐ வச்சுக்கிட்டு அடுத்த மாசம் 400ஐ உயிரைக் குடுத்து ஓட விட எனக்கு மனசு வரல. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும், இருப்பு நிரம்ப மாசக்கணக்கு. மறுபடி ரத்தம் பாத்துட்டு டாக்டர் சரின்னா ஓடட்டும், இல்லன்னா டிராக்சூட் போட்டுக்கிட்டு டீமோட போய் நிக்கட்டும்.

மனசு_மாணவி

அவங்க தனி ஓட்டம் கேக்கல, ரிலே கேக்கறாங்க. கவனிச்சீங்களா? நாலு பேரு சேர்ந்து ஓடற ஒண்ணு. பேச்சே விட்டுப்போன பிள்ளைங்ககிட்ட திரும்பிப் போக ஒரு வழியா இருக்கலாம். ஓடறாங்களோ இல்லையோ, டீம்ல இருக்கட்டும்.

ஐந்துரோடு_ஓட்டம்

டாக்டர் விட்டா ஓடட்டும்ங்க. தானா கேட்டிருக்கா. ஒரே கண்டிஷன், அன்னிக்கு ஸ்ப்ளிட் டைமிங், அதான் ஒவ்வொருத்தர் ஓடின தனி நேரம், குரூப்ல வரக்கூடாது. இவளுக்கு மட்டும் இல்ல, நாலு பிள்ளைகளுக்கும்.

கொலுசுக்காரி, அம்மாப்பேட்டை

அதை கோச்கிட்ட யாருங்க சொல்றது? மூணு வாரம் கேக்கறதுக்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அவங்கப்பாவும் சொல்ல மாட்டாரு, பட்டறையில குரூப்பைக் காட்டாம அவருக்குப் பொழுது போகாது.

ஓய்வுபெற்ற_பி.டி., ஓமலூர்

கோச் நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புங்க அம்மா, நான் பேசறேன். சேலத்துல அத்லெட்டிக்ஸ் பாக்கற ஆளுன்னா எனக்குத் தெரிஞ்சவராத்தான் இருக்கும். பட்டறை விவகாரத்தை நீங்கதான் பாத்துக்கணும்.